கடலோர மேசையில் உட்காரும் முன்: காற்று, ஓதம், சிப்பி, மறுநாள் காலை

உலு திராம் – ஜொகூரில் கோடைக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை டிகிரி வடக்கே இருக்கும் ஊரில் ஆண்டு முழுவதும் பொழுது சாய்வது மாலை 7 மணியை ஒட்டித்தான். ஆனாலும் மழை குறைந்து, மின்விசிறிக் காற்றே சூடாக வீசும் மாதங்கள் உண்டு. அந்த மாதங்களில் உலு திராம் தாமான்களிலிருந்து வார இறுதி மாலையில் கிளம்பும் கார்கள் பலவும் தண்ணீரைத் தேடித்தான் போகின்றன. செனிபோங், ஸ்துலாங் லாவுட், டங்கா பே, பாசீர் கூடாங் பக்கம் கோங் கோங் என ஆளுக்கொரு விருப்பம். தலைக்கு மேல் வானம், காலுக்குக் கீழே பலகை, அதற்கும் கீழே தண்ணீர்.

2025 ஜனவரி முதல் ஜொகூரின் வார விடுமுறை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறாக மாறியது. சிங்கப்பூரில் வேலை செய்யும் அப்பாவுக்கும் இங்கே பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் ஒரே நாளில் விடுமுறை கிடைப்பதால் குடும்பமாகக் கிளம்புவது எளிதாகியிருக்கிறது. அந்த மேசையைப் பற்றிச் சில செய்திகளைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

முதலில் காற்று. பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறுகிறது. நிலத்தின் மேல் உள்ள சூடான காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. பிற்பகலில் வலுவாக இருக்கும் இந்தக் கடற்காற்று, சூரியன் மறைந்த பின் மெல்ல அடங்கிவிடும். எட்டரை மணிக்குப் போய் உட்கார்ந்துவிட்டு "காற்றே இல்லையே" என்று சலித்துக்கொள்பவர்கள் ஆறு மணிக்கே போய்ப் பார்க்கலாம்.

அடுத்தது ஓதம். ஜொகூர் நீரிணையில் நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறி இரண்டு முறை இறங்குகிறது. ஏறியிருக்கும் நேரத்தில் மேசைக்கு அடியில் அலை சலசலக்கும். வற்றிய நேரத்தில் அதே இடத்தில் கருஞ்சேறுதான் தெரியும். அழுகிய முட்டை நாற்றமும் வரலாம். அலையாத்திச் சேற்றில் காற்றுப் புகாத அடுக்குகளில் வாழும் நுண்ணுயிர்கள் வெளிவிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவின் வாடை அது. அதற்குக் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில் ஏற்றமும் இறக்கமும் மிகுதி. பௌர்ணமியன்று பரதவர் மீன்பிடிக்கப் போகாமல் மணலில் கூடி உண்டும் கள்ளருந்தியும் மகிழ்ந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. தண்ணீரோரம் கூடி உண்பது நமக்கு நேற்று வந்த பழக்கமில்லை.

எல்லா நாற்றத்தையும் இயற்கையின் மேல் போட்டுவிடவும் முடியாது. 1924இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலம் பெயரில்தான் பாலம். உண்மையில் அது கல் கொட்டிக் கட்டிய, 1,056 மீட்டர் நீளமுள்ள கரை. தொடக்கத்தில் படகுகள் கடக்க அதில் ஒரு மதகு வழி இருந்தது. 1942இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலத்தைத் தகர்த்த பிறகு அந்த வழி திரும்பக் கட்டப்படவில்லை. அன்றிலிருந்து நீரிணை நடுவில் அடைபட்டுக் கிடக்கிறது. டங்கா பே மேற்குப் பக்கம், ஸ்துலாங்கும் செனிபோங்கும் கிழக்குப் பக்கம். பாலத்தை நெருங்க நெருங்க நீர் மாறுவது மெதுவாகிறது. ஆறுகள் கொண்டுவரும் கழிவும் உரச்சத்தும் தேங்குகின்றன. 2014 பிப்ரவரியில் நீரிணையின் மேற்குப் பகுதியில் நுண்பாசி அளவுக்கு மீறிப் பெருகி மீன்கள் மடிந்தன.

இந்த நீரில் வளரும் சிப்பிகளைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது. திராம் என்றால் மலாயில் சிப்பி, உலு என்றால் ஆற்றின் தலைப்பகுதி. சிப்பி ஆற்றின் தலைமாட்டில் குடியிருப்பவர்கள் என்பதுதான் உலு திராம்காரர்களின் முகவரி. சிப்பி, மட்டி, கெராங், லாலா எல்லாம் தண்ணீரை உறிஞ்சி வடிகட்டி அதிலுள்ள நுண்பாசியை உண்டு வாழ்பவை. தண்ணீரில் கிருமி இருந்தால் கிருமியும், நச்சுப்பாசி இருந்தால் நச்சும் அவற்றின் சதையில் சேரும். கிருமியை நன்றாக வேகவைத்துக் கொல்லலாம். அரைவேக்காட்டுக் கெராங் ருசியாக இருக்கும் என்பவர்கள் வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ கிருமி வேகமாகப் பெருகும் என்பதை மறக்கக் கூடாது. நச்சுப்பாசியின் விஷமோ எவ்வளவு கொதித்தாலும் அழியாது. 2024 ஏப்ரலில் போர்ட் டிக்சன் சிப்பிகளில் அந்த நச்சு கண்டறியப்பட்டு விற்பனை நிறுத்தப்பட்டது. சாப்பிட்ட பின் உதடும் நாக்கும் மரத்துப்போனால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சுத் தசைகள் செயலிழக்கும் அபாயம் இதில் இருக்கிறது.

(விலை 100 கிராமுக்கா, கிலோவுக்கா என்று மீனை எடை போடும் முன்பே கேட்டுவிடுவதும் நல்லது. பில் வந்த பின் நடக்கும் சண்டைகளில் பாதி இதனால்தான்.)

திராம் ஆறு கிழக்கே ஓடி ஜொகூர் ஆற்றின் முகத்துவாரத்தில் சேர்கிறது. தெப்ராவ் ஆறு தெற்கே ஓடி நீரிணையில் கலக்கிறது. உலு திராம் கடைவீதியின் பின்சந்தில் கால்வாயில் ஊற்றப்படும் பொரித்த எண்ணெய்க்கும் கடைசியில் போக்கிடம் கடல்தான். சாப்பாட்டுக் கடைகள் கொழுப்பு வடிகட்டி பொருத்த வேண்டும் என்று ஊராட்சி மன்றங்கள் வலியுறுத்துவது இதற்காகவே. பொருத்தினால் போதாது, அதைச் சுத்தம் செய்யவும் வேண்டும். 2019 மார்ச்சில் பாசீர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டதும், 111 பள்ளிகள் மூடப்பட்டதும் இவ்வட்டாரப் பெற்றோருக்கு மறந்திருக்காது. சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் அதிகபட்ச அபராதம் 2024 ஜூலையில் 1 கோடி ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது.

இனி மது. மலாய்க்காரர் நடத்தும் கடைகளில் அது இருக்காது. சொந்தப் போத்தலைப் பையில் கொண்டுபோய் மேசையில் வைப்பது அவர்களை அவமதிப்பதாகும். உரிமம் பெற்ற கடைகளிலும் 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விற்கக் கூடாது. 18ஆக இருந்த வயது வரம்பு 2017 டிசம்பரில் உயர்ந்தது. திறந்தவெளி மேசைதானே என்று சிகரெட் பற்றவைப்பதும் குற்றம். உணவகங்களில் 2019 முதல் புகைக்கத் தடை உள்ளது.

பெரிய ஆபத்து, திரும்பும் வழியில் இருக்கிறது. செனிபோங்கிலிருந்து உலு திராமுக்குச் சாலை காலியாக இருந்தால் அரை மணி நேரம். காலியான சாலைதான் வேகத்துக்கும் ஆசை காட்டும். 2020 அக்டோபர் 23 முதல் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் அனுமதிக்கப்பட்ட மதுவின் அளவு 80 மில்லிகிராமிலிருந்து 50ஆகக் குறைக்கப்பட்டது. மீறினால் முதல் முறையே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். குடித்துவிட்டு ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்தினால் 10 முதல் 15 ஆண்டு சிறை, அதோடு 50,000 முதல் 100,000 ரிங்கிட் அபராதம். கிரேப் கட்டணம் அதிகம் என்று முணுமுணுப்பவர்கள் இந்தத் தொகைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பலரும் கணக்கில் எடுக்காதது மறுநாள் காலை. ஒரு பெரிய போத்தல் பீரில் உள்ள மது உடலைவிட்டு நீங்க ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது கூடும், குறையும். கோப்பி, குளியல், மோர் எதுவும் இதை விரைவுபடுத்தாது. ஞாயிறு இரவு 9 மணிக்குத் தொடங்கி மூன்று போத்தல் குடித்தவரின் உடல் முழுதும் தெளியக் காலை 6 மணியாகிவிடலாம். உலு திராமிலிருந்து மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர் அந்த நேரத்துக்குள் கடற்பாலத்தைக் கடந்திருப்பார்.