புழுக்கம்

தில்லியில் மே மாதத்தில் பல நாள்கள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். ‘லூ’ எனப்படும் வறண்ட காற்று முகத்தைச் சுடும். அப்போதும் சன்னலில் பொருத்திய ஏர் கூலர் அறையைக் குளிர்விக்கும். ஜூலையில் மழைக்காலம் தொடங்கியபின் வெப்பம் 35 டிகிரிக்கு இறங்கினாலும் அதே கூலர் அவ்வளவாகப் பயன்தராது, உடல் பிசுபிசுக்கும். இந்தியில் ‘உமஸ்’ என்று கூறப்படும் இந்நிலைக்குத் தமிழில் வழங்கும் சொல் ‘புழுக்கம்’. மே மாதத்து வெப்பம் புழுக்கம் அன்று, அது வெக்கை.

வியர்வை ஆவியாகும்போது உடலின் வெப்பத்தையும் உடன்கொண்டு செல்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை எளிதில் உலராது. வெப்பம் வெளியேற வழியின்றி உடலிலேயே தங்கும். காற்றும் அசையாவிடில் துன்பம் இருமடங்காகும். கூலர் தோற்பதும் இதனால்தான். நீர் ஆவியானால்தான் அது குளிர்விக்கும். எனவே வெப்பமானியின் எண்ணை மட்டும் நம்பலாகாது. எண் குறைந்த நாளிலும் புழுக்கத்தில் கடுமையாக உழைப்போர் மயங்கி விழுவதுண்டு. உயிருக்கே ஊறு நேர்வதும் உண்டு.

‘புழுங்கு’ என்னும் வினையிலிருந்து பிறந்தது இச்சொல். (‘புளுக்கம்’ என்று எழுதுதல் பிழை. புழு என்னும் உயிரோடும் இதற்குத் தொடர்பு தேட வேண்டா.) புழுங்குதல் என்றால் ஆவியில் வேகுதல். நெல்லை ஊறவைத்து, உமியோடு அவித்து, உலர்த்திக் குத்தினால் கிடைப்பது புழுங்கலரிசி; அவிக்காமல் குத்தியது பச்சரிசி. பழந்தமிழில் ‘புழுக்கல்’ என்பது சோற்றையே குறித்தது. மூடிய உமிக்குள் வேகும் அரிசியை நினைத்துக்கொண்டால் இச்சொல்லின் பொருள் மறவாது.

வெயில் அடிக்கும், அனல் வீசும், அடுப்பருகே வெக்கை தாக்கும். புழுக்கமோ அடிப்பதும் இல்லை, வீசுவதும் இல்லை, அது ‘இருக்கும்’. “அறை புழுக்கமாக இருக்கிறது, சன்னலைத் திற” என்பதே இயல்பான வழக்கு. மழைக்கு முன் காற்று அசையாது நிற்கும்போது, “ஒரே இறுக்கமாக இருக்கிறது” என்றும் தமிழ்நாட்டில் கூறுவர்.

மனமும் புழுங்கும். வெளியே சொல்ல இயலாத வருத்தமோ பொறாமையோ உள்ளேயே தங்கி வாட்டுவது மனப்புழுக்கம். “தம்பிக்கு மட்டும் பரிசு கிடைத்ததை எண்ணி அண்ணன் உள்ளுக்குள் புழுங்கினான்” என்பது சரியான தொடர். “அண்ணன் எல்லார் முன்னிலையிலும் உரக்கப் புழுங்கினான்” என்பது பொருந்தாது. உரக்கச் சொல்லிவிட்டானாயின், அதற்குக் ‘கத்தினான்’ என்னும் சொல்லே போதும்.