வழி தவறியவன் மூட்டிய நெருப்பு



மாசி, பங்குனி மாதங்கள் வந்துவிட்டால் நம் கொங்கு நாட்டைச் சூழ்ந்து நிற்கும் மலைகளின் நிறமே மாறிவிடுகிறது. மேற்கே போளுவாம்பட்டி, மதுக்கரை, காரமடைப் பகுதிக் காடுகளிலும், தெற்கே ஆனைமலையிலும், வடக்கே சத்தியமங்கலத்திலும் ஆளுயரப் புல் காய்ந்து நிற்கிறது. இலையுதிர்ந்த மரங்களுக்கடியில் சருகு குவிந்து கிடக்கிறது. உண்ணிச்செடிப் புதர்கள் விறகு போல் உலர்ந்துவிடுகின்றன. 2023 ஏப்ரல் மாதத்தில் ஆலாந்துறையை அடுத்த மதுக்கரை வனச் சரகத்தில் பற்றிய தீயை அணைக்க, சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர் வந்து வானிலிருந்து தண்ணீர் கொட்ட வேண்டியதாயிற்று.

இதே பருவத்தில்தான் அண்மை ஆண்டுகளில் நோன்புப் பெருநாளும் அமைந்தது. 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் ஏப்ரலிலும், 2025இல் மார்ச் இறுதியிலும் பெருநாள் வந்தது. தொழுகை முடிந்து, பிரியாணியும் உண்டு முடித்து, மறுநாள் காலையில் வால்பாறைக்கும் டாப்ஸ்லிப்பிற்கும் கோத்தகிரிக்கும் வேன் எடுத்துக்கொண்டு புறப்படுகிற நம் இளைஞர்களைக் கோட்டைமேட்டிலும் காணலாம். மேட்டுப்பாளையத்திலும், திருப்பூரிலும், ஈரோட்டிலும் காணலாம். அவர்களுள் ஒருவன் கூட்டத்தைப் பிரிந்து காட்டுக்குள் வழி தவறிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். பொழுது சாய்ந்துவிட்டது. கைப்பேசியில் தொடர்பு இல்லை. யானை நடமாடும் இடம். புகையைப் பார்த்தாவது யாரேனும் வரட்டும் என்று எண்ணிச் சிறிதளவு சருகைக் கூட்டித் தீ மூட்டுகிறான். காற்று அந்தத் தீயை மலை முழுதும் கொண்டுபோய்விடுகிறது.

இப்போது அவன் பாவியா? எரிந்துபோனவற்றுக்கு யார் பொறுப்பு? ஓர் உயிர் போயிருந்தால் அதன் சட்டம் என்ன?

இது வீணான கற்பனை அன்று. இவ்வாறே நடந்து, நீதிமன்றம் வரை சென்ற இரண்டு நிகழ்ச்சிகள் அமெரிக்காவில் உண்டு. 2002 ஜூன் மாதம் அரிசோனா மாநிலத்தில் காட்டில் வழியறியாது தவித்த ஒரு பெண், மேலே பறந்த ஹெலிகாப்டரின் கவனத்தை ஈர்ப்பதற்காகத் தீ மூட்டினார். அவர் காப்பாற்றப்பட்டார், தீயோ வேறொரு தீயுடன் கலந்து 4 இலட்சத்து 60 ஆயிரம் ஏக்கருக்கும் மேல் எரித்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 2003 அக்டோபர் 25 அன்று, கலிபோர்னியாவின் சான் டியேகோ மாவட்டத்தில் வேட்டைக்குச் சென்று தோழரைப் பிரிந்த ஒருவர் அடையாளத்திற்காக மூட்டிய தீ 15 உயிர்களைப் பலிகொண்டது. 2,200க்கும் மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின.

இவ்விரு வழக்குகளின் முடிவும் கவனிக்கத்தக்கது. அரிசோனாப் பெண்மீது அரசு குற்ற வழக்குத் தொடரவில்லை. உயிர் பிழைக்கச் செய்த காரியம் என்று விட்டுவிட்டது. ஆனால் தங்கள் காடு எரிந்துபோன அபாச்சி பழங்குடி மக்கள் விடவில்லை. தங்கள் பழங்குடி நீதிமன்றத்தில் இழப்பீடு கோரி வழக்காடினர். பல ஆண்டுகளுக்குப் பின் 5 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை அவர்மீது விதிக்கப்பட்டது. கலிபோர்னிய வேட்டைக்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2005 நவம்பரில் அவருக்கு ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், ஆறு மாதக் காவலும், 960 மணி நேரப் பொதுச் சேவையும், 9,000 டாலர் ஈட்டுத்தொகையும் தீர்ப்பாயின. விசாரணையில் பொய் கூறினார் என்ற குற்றச்சாட்டும் அவர்மீது முதலில் இருந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. பொய்யைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

அரிசோனா வழக்கில் குற்றம் வேறு, ஈடு வேறு என்று பிரிந்து நின்றதல்லவா? நம் ஃபுகஹாக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கோட்டைத் தெளிவாகக் கிழித்துவிட்டார்கள்.

அறியாமல் செய்த தவறுக்குக் குற்றம் இல்லை, உள்ளம் வேண்டுமென்று நாடிச் செய்ததற்கே குற்றம் உண்டு என்ற கருத்து சூரத்துல் அஹ்ஸாபின் 5ஆம் வசனத்தில் வருகிறது. நிர்ப்பந்தத்திற்கு ஆளானவனுக்கு விலக்கப்பட்டதும் ஆகுமாகிறது என்பதைச் சூரத்துல் பகராவின் 173ஆம் வசனம் உணர்த்துகிறது. ஆகவே உயிருக்கு அஞ்சித் தீ மூட்டியவன், காடு எரியட்டும் என்று நாடாதவரை, அந்த நாட்டத்திற்குரிய பாவத்தைச் சுமக்க மாட்டான். இதில் கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் நம்மில் பலர் இங்கேயே நின்றுவிடுகிறோம். “தெரியாமல் நடந்துவிட்டது, அல்லாஹ் மன்னிப்பவன்” என்று சொல்லி எழுந்துவிடுகிறோம். அல்லாஹ் மன்னிப்பது தன் உரிமையை. அடியானின் உரிமை அடியானிடமே இருக்கிறது. நிர்ப்பந்தம் பிறருடைய உரிமையை அழித்துவிடாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. உதுமானியப் பேரரசின் சட்டத் தொகுப்பாகிய மஜல்லாவில் அது 33ஆம் விதியாக இடம்பெற்றிருக்கிறது. பசியால் சாகக் கிடப்பவன் பிறருடைய உணவை அனுமதியின்றி எடுத்து உண்ணலாம்; உண்ணாமல் இறப்பதுதான் கூடாது. ஆயினும் பிழைத்து எழுந்த பின் அதன் விலையைக் கொடுத்தாக வேண்டும். இதையே ஃபிக்ஹு நூல்கள் ‘ளமான்’ என்கின்றன. ஈட்டுப் பொறுப்பு என்று பொருள். பருவமடையாத சிறுவன் பிறர் பொருளை அழித்தாலும் இந்தப் பொறுப்பு உண்டு. அவனிடம் சொத்து இருந்தால் அதிலிருந்து கொடுக்கப்படும். இல்லையேல் அவனுக்கு வசதி வரும்வரை காத்திருக்க வேண்டும். பாவமே எழுதப்படாத சிறுவனுக்கும் ளமான் உண்டென்றால், அது தண்டனை அன்று, பிறர் இழப்பைச் சரிசெய்வது என்பது விளங்கும்.

நெருப்பைப் பற்றித் தனியாகவும் ஒரு சர்ச்சை உண்டு. நெருப்பால் விளைந்த சேதத்திற்கு ஈடு இல்லை என்ற கருத்தில் ஓர் அறிவிப்பு அபூதாவூத், இப்னுமாஜா ஆகிய நூல்களில் உள்ளது. இது ‘கிணறு’ என்ற அரபுச் சொல்லைத் தவறாகப் படித்ததால் வந்த பிழை என்று ஹதீஸ்கலை அறிஞர்கள் சிலர் கூறியுள்ளனர். சரியான அறிவிப்பு என்று கொண்டாலும், ஒருவர் தம் சொந்த இடத்தில் தேவைக்காக மூட்டிய நெருப்பை எதிர்பாராத காற்று கொண்டுபோவதையே அது குறிக்கும் என்று விரிவுரையாளர்கள் விளக்கினர். அதனால்தான் ஃபுகஹாக்கள் காற்றைக் குறித்துக் கேட்கிறார்கள். தன் வயலில் தாளைக் கொளுத்தும்போது காற்று அடங்கியிருந்து, பிறகு தீ பரவினால் அவர் பொறுப்பல்லர். காற்று வீசிக்கொண்டிருக்கும் நாளில், பக்கத்து வயலுக்குப் பரவும் என்று அறிந்தே வைத்தால் பொறுப்பாவார். ஹனஃபீ நூல்களிலும் ஷாஃபிஈ நூல்களிலும் இந்த வேறுபாடு காணப்படுகிறது.

காட்டில் வழி தவறியவன் சொந்த இடத்தில் தீ மூட்டவில்லை. காய்ந்த புல் நடுவில், மாலைக் காற்றில், அணைக்கத் தண்ணீர்கூட இல்லாமல் மூட்டியவன் எச்சரிக்கையோடு நடந்தான் என்று சொல்ல வழியில்லை. வெறும் பாறைமீதோ, வறண்ட ஆற்று மணலிலோ, சுற்றிலும் சருகை அகற்றிவிட்டு மூட்டியவனின் நிலை வேறு. உறங்கப் போகும்போது வீட்டு விளக்கையே அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதும், மதீனாவில் இரவில் ஒரு வீடு எரிந்தபோது நெருப்பை மனிதரின் பகைவன் என்று வருணித்ததும் புகாரி, முஸ்லிம் நூல்களில் உள்ளன. வீட்டுத் திரிக்கே அந்த எச்சரிக்கை என்றால் பங்குனி மாதக் காட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

உயிர் போயிருந்தால் சட்டம் கடுமையாகிறது. தவறுதலாக ஒருவரைக் கொன்றவர் ‘தியத்’ எனும் உயிரீட்டை இறந்தவரின் குடும்பத்தாருக்குக் கொடுக்க வேண்டும், ‘கஃப்பாரா’ எனும் பரிகாரமும் செய்ய வேண்டும் என்று சூரத்துந் நிஸாவின் 92ஆம் வசனம் விதிக்கிறது. அடிமை விடுதலை இல்லாத இக்காலத்தில் இந்தப் பரிகாரம் தொடர்ந்து இரண்டு மாத நோன்பு. குடும்பத்தார் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் தியத் நீங்கும். நேரடியாகக் கொல்லாமல், கிணறு தோண்டியவனைப் போல மரணத்திற்குக் காரணமாக மட்டும் அமைந்தவருக்கு ஹனஃபீ மத்ஹபில் தியத் உண்டு, கஃப்பாரா இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில் அவருக்கும் கஃப்பாரா உண்டு. இரு மத்ஹபினரும் கலந்து வாழும் நம் ஊர்களில், இப்படி ஒன்று நேர்ந்துவிட்டால் தத்தம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிய வேண்டிய இடம் இது. தவறுதலான மரணத்திற்குரிய தியத்தைத் தந்தை வழி உறவினர் பகிர்ந்து சுமப்பதே மூலச் சட்டம் என்பதையும் குடும்பத்தார் அறிந்திருப்பது நல்லது.

நம் நாட்டில் தியத்தை எந்த நீதிமன்றமும் விதிப்பதில்லை. குற்றவியல் சட்டம் எல்லா மதத்தாருக்கும் ஒன்றே. 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக் காட்டில் தீ வைப்பதும், ஆபத்து விளையும் வகையில் தீ மூட்டுவதும் குற்றம். ஆனைமலை போன்ற சரணாலயங்களுக்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 287ஆம் பிரிவு நெருப்பைக் கவனக்குறைவாகக் கையாள்வதைத் தண்டிக்கிறது. 106ஆம் பிரிவு கவனக்குறைவால் மரணம் விளைவித்தவருக்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு, வேறொரு தீங்கைத் தவிர்க்க நல்லெண்ணத்துடன் செய்த செயலைக் குற்றமாகக் கொள்வதில்லை. வழி தவறியவனுக்கு இது ஒரு கேடயம்தான். ஆனால் உரிய கவனமின்றிச் செய்த எதையும் நல்லெண்ணத்துடன் செய்ததாகச் சட்டம் ஏற்பதில்லை. நம் ஃபுகஹாக்கள் காற்றைக் குறித்துக் கேட்ட கேள்வியை இந்தச் சட்டமும் வேறு சொற்களில் கேட்கிறது.

அவன் அங்கே எப்படிப் போனான் என்பதும் கேட்கப்படும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீயில் சிக்கி 23 பேர் மாண்டதை நாம் மறக்க முடியாது. சென்னையிலிருந்து சென்றவர்களோடு ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்து சென்ற நம் கொங்கு நாட்டுப் பிள்ளைகளும் அங்கே இருந்தனர். அதன் பின்னரே தமிழக அரசு அதே ஆண்டில் மலையேற்றத்திற்கென விதிகளை வகுத்தது. தீ அபாயமுள்ள மாதங்களில் மலையேற்றப் பாதைகளை மூடிவைப்பதும் வழக்கமாகியுள்ளது. மூடிய பாதையில் வேலி தாண்டிச் சென்று வழி தவறியவன் நிர்ப்பந்தத்தைத் தானே தேடிக்கொண்டவன். வரம்பு மீறாதவனுக்கே நிர்ப்பந்தச் சலுகை என்று அந்த 173ஆம் வசனத்திலேயே நிபந்தனை இருக்கிறது.

இனி, பொய்யைப் பற்றி. பிள்ளை வீடு திரும்பி நடந்ததைச் சொல்லுகிறான். “யாரும் பார்க்கவில்லையே, வாயைத் திறக்காதே. அல்லாஹ்வே மறைத்துவிட்டான்” என்று சொல்லும் பெற்றோர் உண்டு. அன்பினால் சொல்லுகிறார்கள், ஆனால் அது தவறான தீர்ப்பு. பாவத்தை மறைத்துக்கொள்ளச் சொன்னது அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடைப்பட்ட பாவத்தில். பிறர் இழந்திருக்கும்போது மறைப்பது அவர்களுடைய உரிமையை மறைப்பதாகும். வேறொருவர், பெரும்பாலும் ஆடு மேய்க்கும் ஏழையோ காட்டில் தேன் எடுக்கும் பழங்குடியினரோ, அந்தப் பழியைச் சுமக்கவும் நேரலாம். மேலும், தீ பற்றிய முதல் மணி நேரத்தில் சொன்னால் அணைக்கக்கூடியது, மறுநாள் சொன்னால் அணைக்க முடியாததாகிவிடுகிறது. ஆகவே தொடர்பு கிடைத்த கணமே 112க்கோ வனத்துறைக்கோ இடத்தைச் சொல்லிவிடுவது அவன்மீது கடமை.

எரிந்தது அரசுக் காடு என்றால் யாரிடம் ஈடு கொடுப்பது? அது ஒருவர் சொத்தன்று, எல்லோருக்கும் பங்குள்ள பொதுச் சொத்து. எனவே உரிமை கேட்பவரும் எல்லோருமே. இதற்குத் தாவூத் (அலை), சுலைமான் (அலை) ஆகியோர் தீர்ப்பில் வழியிருக்கிறது. இரவில் ஒருவரின் ஆடுகள் மற்றொருவர் பயிரை மேய்ந்து அழித்த அந்த வழக்கு சூரத்துல் அன்பியாவின் 78, 79ஆம் வசனங்களில் குறிப்பிடப்படுகிறது. தஃப்ஸீர்கள் விளக்குவதாவது: ஆடுகளையே நிலத்துக்காரருக்குக் கொடுத்துவிடும்படி தாவூத் (அலை) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். சுலைமான் (அலை) அவர்களோ, ஆட்டுக்காரர் நிலத்தைத் திருத்திப் பயிரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரட்டும், அதுவரை ஆடுகளின் பாலையும் கம்பளியையும் நிலத்துக்காரர் அனுபவிக்கட்டும் என்றார்கள். ஆட்டுக்காரர் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் அழிந்ததை மீட்டுத் தரும் உழைப்பு அவர் தலையில் விழுந்தது.

பணம் இல்லாதவன் இவ்வாறு உழைப்பால் ஈடு செய்யலாம். கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடு வெட்டும் பணியிலும், எரிந்த சரிவில் மரம் நடும் பணியிலும் வனத்துறையின் இசைவோடு சேர்ந்து உழைக்கட்டும். வீடோ, மாடோ, தோட்டமோ இழந்த தனி மனிதருக்குரியது மட்டும் அவரிடமே போய்ச் சேர வேண்டும். கொடுக்க இயலாதவனுக்கு வசதி வரும்வரை அவகாசம் உண்டு என்பது பகராவின் 280ஆம் வசனம் தரும் சலுகை. அதற்குள் அவன் இறந்துவிட்டால், எஞ்சிய தொகை அவனுடைய மற்றக் கடன்களோடு சேர்த்து, வாரிசுகள் பங்கு பிரிப்பதற்கு முன்பாக அவன் சொத்திலிருந்து கொடுக்கப்பட வேண்டும்.