சர்க்கரையைத் தின்றது யார்?

‘குழந்தைக்கு மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், முதுகில் நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். கால் விளங்காமல் போய்விடாதா?’ பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி. போகாது. தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. பச்சைக் குழந்தைக்குக் கொஞ்சம் கீழே, ஏறக்குறைய 3ஆவது இடுப்பு முள்ளெலும்பு வரை. ஊசி இறங்குவது அதற்கும் கீழே. அங்கே நீரில் மிதக்கும் நரம்பு வேர்கள்தான் உண்டு. அவை பெரும்பாலும் ஊசிக்கு விலகிக்கொள்ளும்.

எதைத் தேடுகிறார்கள்? பிறந்த சிசுவிடம் ஈ.கோலை, கிளெப்சியெல்லா, பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்றவற்றை. சில மாதங்கள் கழிந்தால் நிமோகாக்கஸ், ஹிப், மெனிங்கோகாக்கஸ். இந்த மூன்றும் ஆரோக்கியமானவர்களின் தொண்டையிலேயே சாதுவாகக் குடியிருப்பவை. எப்போதாவது ஒன்று ரத்தத்தில் இறங்கி, மூளை உறையைத் தொட்டுவிடுகிறது.

கிருமி கண்ணில் படுமுன்பே அந்த நீர் ஒரு துப்புக் கொடுத்துவிடும்: சர்க்கரை. வழக்கமாக ரத்தச் சர்க்கரையில் மூன்றில் இரண்டு பங்கு அதில் இருக்கும். பாக்டீரியா புகுந்தால் பெரும்பாலும் 40 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். கிருமி தின்றுவிட்டது என்பார்கள். அது பாதிக்கதை.

மீதிக் கதைக்கு, கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சரக்கறையிலிருந்து சர்க்கரை வர ஒரே வாசல். திருடர்கள் சிலர் புகுந்துவிட்டார்கள். சத்தம் கேட்டு, பிடிக்க ஓடி வந்த பங்காளிகள் ஆயிரக்கணக்கில். வந்தவர்கள் பந்தியிலும் உட்கார்ந்துவிட்டார்கள். தள்ளுமுள்ளில் வாசற்கதவு சிக்கிக்கொண்டது. அடுப்புக்குக் காற்றில்லை, தவசிப்பிள்ளை ஒரு கரண்டிப் பாயசத்துக்கு மூட்டைச் சர்க்கரையைக் கரைக்கிறார், கட்டு முழுக்கப் புகை. காலையில் கணக்குப் பார்த்தால் திருடன் தின்றதைவிட மற்ற செலவே அதிகம்.

பங்காளிகள் நியூட்ரோபில் வெள்ளையணுக்கள். ஒரு மைக்ரோ லிட்டர் நீரில் வழக்கமாக ஐந்துக்கு மேல் இராத வெள்ளையணுக்கள் பெரும்பாலும் ஆயிரத்தைத் தாண்டும். வாசல், ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே சர்க்கரையைக் கடத்தும் குளூட்-1 புரதம். வீங்கிய மூளைக்கு ஆக்சிஜன் போதாமல் சர்க்கரையை அரைகுறையாக எரிக்கிறது. புகை, அதில் மிஞ்சும் லாக்டேட். காசநோய்க் கிருமியும் சர்க்கரையைக் குறைக்கும், ஆனால் அங்கே கூடுவது பெரும்பாலும் லிம்போசைட்டுகள். வைரஸ் என்றால் சர்க்கரை அநேகமாக அப்படியே இருக்கும். நீரிலுள்ள சர்க்கரையை ரத்தச் சர்க்கரையோடு ஒப்பிட வேண்டுமே என்றுதான் முதுகில் நீர் எடுக்குமுன் ரத்தமும் எடுக்கிறார்கள்.

வரலாறு வேண்டுமென்றால்: வியன்னாவில் வைக்சல்பாம் மெனிங்கோகாக்கஸைக் கண்டது 1887இல், கீல் நகரில் குவின்கே முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தது 1891இல். இன்றும் அதே முறைதான்; எடுத்த நீரைச் சோதிக்கும் கருவிகள்தான் புதியவை.

‘14 கிருமிகள், ஒரே மணி நேரம்’ என்று, கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர். பெட்டிக்கு விளம்பரம் செய்கிறார்கள். பயனுள்ள கருவிதான். ஆனால் அந்த 14இல் பாக்டீரியா ஆறு மட்டுமே. கிளெப்சியெல்லாவும் இல்லை, காசநோய்க் கிருமியும் இல்லை. எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்றும் அது சொல்லாது. அதற்குக் கிருமியை வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக் ஏற்கெனவே உள்ளே போயிருந்தால், வளர்க்கக் கிருமி கிடைக்காமலும் போகலாம்.

பெட்டியைவிடப் பெரிய வேலையைத் தடுப்பூசி செய்கிறது. ஹிப்புக்கு எதிரான ஐந்து நோய்த் தடுப்பூசியை இந்திய அரசு 2011 டிசம்பரில் தொடங்கியதே தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான். நிமோகாக்கஸ் ஊசியும் இப்போது அரசு நிலையங்களில் இலவசம்.

கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள்; பல சமயம் விறைக்காது. காய்ச்சலோடு பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் சோர்ந்து கிடப்பது, வலிப்பு, உச்சிக்குழி புடைப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மூளையில் அழுத்தம் கூடியிருந்தால் மருத்துவரே நீர் எடுப்பதைத் தள்ளிப்போடுவார். மருந்தைத் தள்ளிப்போட மாட்டார். நீர் எடுக்க வேண்டும் என்று அவர் சொன்னால், கையெழுத்துப் போடத் தயங்காதீர்கள்.