வலையில் ஆவுளியா... கையில் செல்போன்!

பாக் விரிகுடாவின் கலங்கல் நீரில் ஆவுளியா என்னும் கடற்பசுவைப் பார்ப்பது லேசுப்பட்ட காரியமல்ல. ஓங்கில் போல அது துள்ளாது. முதுகில் துடுப்பும் கிடையாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூக்கு நுனியை மட்டும் வெளியே நீட்டி மூச்சு வாங்கிவிட்டு அமிழ்ந்துவிடும். ஓரிரு விநாடிகள்தான்.

அதனால் ஆய்வாளர்கள் கடற்பசுவைவிட அது மேய்ந்த தடத்தையே அதிகம் தேடுகிறார்கள். கடற்புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும் விலங்கு அது. நாளொன்றுக்கு 30, 40 கிலோகூடத் தின்னும். போன வழியில், புல்வெளிக்கு நடுவே ஒரு சாண் அகலத்துக்கு வெறும் மணல் கோடு கிடக்கும். முக்குளிப்பவர்கள் அதை அளந்து, எந்த வகைப் புல், எவ்வளவு ஆழம் என்று குறித்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் சிறு விமானங்களில் பறந்து ஆவுளியாக்களை எண்ணுகிறார்கள். தாய்லாந்தில் நீருக்கடியில் ஒலிவாங்கியை இறக்கி, ஆவுளியாவின் கீச்சொலியைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

நம் கடலில் இவை எல்லாவற்றையும்விட நம்பகமான கருவி, மீனவரின் கண்தான். தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. அங்கே அன்றாடம் தொழிலுக்குப் போகிறவர்கள் சொல்லாமல் எந்தப் பதிவேடும் நிரம்பாது.

கவலை இங்கேதான் தொடங்குகிறது. வலையில் சிக்கிய ஆவுளியாவை, வலையை அறுத்து விடுவிக்கும் காணொளிகள் இப்போது செல்போன்களில் வலம் வருகின்றன. மீனவர்களின் நல்ல மனசில் சந்தேகமே இல்லை. ஆனால் அது நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். தலை மேலே வராவிட்டால் சில நிமிடங்களில் செத்துப்போகும். படம் சரியாக விழட்டும் என்று காத்திருக்கும் அரை நிமிடம்கூட அதற்கு அதிகம். ஓராண்டுக்கும் மேல் சுமந்து ஒரே குட்டி போடும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். ஒரு தாய் செத்தால் ஈடுகட்டுவது அவ்வளவு கடினம்.

காணொளி இல்லாவிட்டால் சான்று ஏது, விழிப்புணர்வுதான் எப்படி வரும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஆய்வுக்குத் தேவையானவை தேதி, இடம், ஆழம், வலையின் வகை, கூடவே குட்டி இருந்ததா என்ற தகவல். இதையெல்லாம் ஆவுளியாவை விடுவித்த பிறகும் எழுதிக்கொள்ளலாம். விடுவித்தவருக்குப் பரிசும் பாராட்டும் காணொளியைக் கேட்டே வருமானால், கை முதலில் கத்தியை எடுக்காது, செல்போனைத்தான் எடுக்கும். மீனவரின் வாய்மொழியையும் அறுபட்ட வலையையுமே சான்றாக ஏற்று, புது வலைக்கான பணத்தைத் தாமதமின்றிக் கொடுத்துவிட வேண்டும்.