அரை மணியில் கறுக்கும் மெஹந்தி

ஆவணி, தை முகூர்த்தங்கள் முடிந்து பத்து நாளில், ரம்ஜான் கழிந்த அடுத்த வாரத்தில், என் புறநோயாளி வரிசையில் ஒரே மாதிரியான கைகள் வரத் தொடங்கும். பூவும் கொடியும் வரைந்த அதே கோட்டில், அச்செடுத்ததுபோல் கொப்புளங்கள். சிலருக்கு நீர் கோத்திருக்கும், சிலருக்குச் சீழே பிடித்திருக்கும். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “மருதாணி ஒத்துக்கல டாக்டர்.” மருதாணி பாவம். இவர்களில் பெரும்பாலோர் பூசிக்கொண்டது மருதாணியே அல்ல.

கறுப்பு எங்கிருந்து வருகிறது?

இலையைப் பறித்து, கொட்டைப்பாக்கும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அம்மியில் அரைத்து, விரலுக்குத் தொப்பி போட்டு, உள்ளங்கையில் வட்டம் வைத்து, தலையணையெல்லாம் கறையாக்கித் தூங்கியவர்களுக்குத் தெரியும்: காலையில் கழுவினால் ஆரஞ்சுதான். அடர் சிவப்பாக ஏற ஓரிரு நாள் ஆகும். இலையிலுள்ள லாசோன் என்ற நிறமி தோலின் கெராட்டினோடு ஒட்டிக்கொள்கிற வேகம் அவ்வளவுதான். ராஜஸ்தானின் சோஜத் மருதாணியே ஆனாலும் அரை மணி நேரத்தில் கரிக்கறுப்பு தராது.

அந்தக் கறுப்பைத் தருவது பெரும்பாலும் பிபிடி எனப்படும் பாராபினைலீன் டைஅமின். தலைச்சாயத்தில் இருக்கும் அதே ரசாயனம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தலைக்குப் பூசும் சாயத்திலேயே இது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தோலில் வரைய அனுமதியே இல்லை. கறுப்பு மெஹந்தி மாதிரிகளைச் சோதித்த ஆய்வுகளிலோ, அதைப்போலப் பல மடங்கு அகப்பட்டிருக்கிறது.

“போன தடவை ஒண்ணும் ஆகலையே!”

நான் அதிகம் கேட்கும் வாதம் இது. ஒவ்வாமை அப்படித்தான் வரும். முதல் தடவை உடல் அந்த ரசாயனத்தை அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளும். அப்போது ஒன்றும் தெரியாமல் போகலாம், ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தடிக்கவும் செய்யலாம். அடுத்த தடவை ஓரிரு நாளிலேயே கொப்புளம். அதன்பின் அந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. இருபது வயதில் கல்யாண வீட்டில் கறுப்பு மெஹந்தி கோன் போட்டவர், நாற்பதில் நரைக்குச் சாயம் பூசி, கண் திறக்க முடியாத வீக்கத்தோடு வருவார். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று சொன்னால் நம்புவதில்லை.

கோன் பெட்டியில் ‘ஹெர்பல்’ என்று அச்சடித்திருப்பதை நம்புகிறார்கள். அச்சடிக்க யாரும் காசு கேட்பதில்லை. உடல்சூட்டால் கொப்புளித்தது என்று இளநீர் குடித்து நாலு நாள் வீணாக்குகிறார்கள். அதிகம் சிவந்தால், கறுத்தால் மாப்பிள்ளைக்கு அன்பு அதிகமாம்! அதை அளக்க வேறு வழி பாருங்கள். சிலர் அடர்த்திக்காகத் தலைச்சாயப் பொடியையே கோனில் கலக்கிறார்கள். வேண்டுமென்றே விஷத்தைக் கலப்பதற்கு என்ன பெயர் வைப்பது?

அசல் மருதாணியிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு லாசோன் ரத்த சிவப்பணுக்களை உடைக்கலாம். கைக்குழந்தைக்கு எந்த மருதாணியும் வேண்டாம்.

பற்பசையும் பக்கத்து மெடிக்கலும்

கொப்புளத்தின்மேல் பற்பசை, சுண்ணாம்பு, மஞ்சள் தடவி வருகிறார்கள். புண்ணே தெரியாத அளவுக்கு அப்பிக்கொண்டு வருவார்கள். அடுத்தது, மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு டியூப். ஸ்டீராய்டு தேவைப்படலாம்; ஆனால் எந்த வீரியம், எத்தனை நாள் என்பதைக் கடைக்காரர் தீர்மானிக்கக் கூடாது. அரிப்பு தொடங்கியதும் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு வாருங்கள். கறையைச் சுரண்டாதீர்கள். முகம் வீங்கினால், மூச்சு முட்டினால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தாமதித்தவர்களுக்கு அதே பூ வடிவில் தழும்போ வெள்ளைத் திட்டோ மாதக்கணக்கில் நிற்கிறது.

புண் ஆறியபின், பேட்ச் டெஸ்ட் எனும் தோல் ஒட்டுச் சோதனை செய்து, பிபிடி ஒவ்வாமைதானா என்று உறுதிப்படுத்தலாம்.

கெஞ்சிக் கேட்கிறேன்

என்னென்ன சேர்த்திருக்கிறது என்று எழுதாத கோனை வாங்காதீர்கள். வரைபவரிடம், “எவ்வளவு நேரம் வைக்கணும்?” என்று கேளுங்கள், அரை மணியில் கறுக்கும் என்றால் கையை இழுத்துக்கொள்ளுங்கள், மணப்பெண்ணாக இருந்தாலும். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே இலையை அரைத்து வையுங்கள், நிறம் தானாக ஏறும். ஒருமுறை கொப்புளம் வந்துவிட்டதா? இனித் தலைச்சாயத்தின் பக்கமே போகாதீர்கள்; எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த ஒவ்வாமையை முதலில் சொல்லுங்கள்.