கடலோரச் சொற்கள் – 9: நங்கூரம்

'ஒருமுனையில் நங்கூரம் பாய்ச்சி நின்றார்' என்று கிரிக்கெட் செய்தியில் படித்திருப்பீர்கள். அசையாமல் நிற்பவரைச் சொல்ல நமக்குக் கிடைத்த உவமை அது. கடலில் நங்கூரமிட்ட கப்பலோ அப்படி நிற்பதே இல்லை. காற்றும் நீரோட்டமும் மாற மாற, நங்கூரத்தைச் சுற்றி அதுவும் திரும்பிக்கொண்டே இருக்கும். துறைமுகத்துக்கு வெளியே காத்திருக்கும் கப்பல்கள் ஒன்றுக்கொன்று எட்ட நிற்பது இதனால்தான்.

பாரசீகத்தின் 'லங்கர்'தான் நம்மிடம் நங்கூரம் ஆனது. சொல் வருவதற்கு முன்பே வேலை இருந்தது. உப்பு விற்று நெல்லோடு திரும்பிய படகுகளை, லாயத்துக் குதிரைகளைப் போலத் தறியில் கட்டிவைத்திருந்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. உப்பங்கழியில் அது போதும். தறி ஊன்ற முடியாத ஆழத்தில் கல்லைக் கட்டி இறக்கினார்கள். துவாரகைக் கடலடியில் துளையிட்ட கல் நங்கூரங்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன.

பெயர்தான் இரவல், வினை நம்முடையது. நங்கூரத்தைப் போடலாம், இடலாம். ஆனால் 'பாய்ச்சுதல்' என்பதே எனக்குப் பிடித்தது, காரியத்தை அதுதான் சரியாகச் சொல்கிறது. கல், கனத்தால் நிறுத்தும். இரும்பு நங்கூரம் மணலிலோ சேற்றிலோ குத்தி இறங்கித்தான் பிடிக்கும். அதுவும் கிடையாக இழுபடும்வரைதான். இழுப்பு மேல்நோக்கி வந்தால் பெயர்ந்துவிடும். எனவே கயிற்றில் கஞ்சத்தனம் கூடாது. ஆழம் 10 பாகம் என்றால் சிறு படகுக்கு 50 பாகமாவது கயிறு விட வேண்டும். காற்று பலத்தால் 70. (பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம், ஏறத்தாழ 6 அடி.) பெரிய கப்பலில் கயிற்றுக்குப் பதில் சங்கிலி. அது தன் கனத்தாலேயே தரையில் படுத்துக் கிடப்பதால் இழுப்பு கிடையாகவே போய்ச் சேரும். கிளம்பும்போது நங்கூரத்துக்கு நேர் மேலே வந்து சங்கிலியைச் சுற்றி இழுத்தால், பிடி தளர்ந்து மேலே வரும்.

எடையைவிட வடிவம் முக்கியம் என்பதை அழகாகக் காட்டியவர் இங்கிலாந்தின் இயற்பியலாளர் ஜி.ஐ. டெய்லர். பாய்மரப் படகோட்டியான அவர் 1933இல் கலப்பை வடிவில் ஒரு நங்கூரம் செய்தார். இழுக்க இழுக்க அது மண்ணுக்குள் உழுதுகொண்டு இறங்கும். அதன் வழிவந்த வடிவங்கள் இன்றும் சிறு படகுகளில் இருக்கின்றன.

பிடி விட்டால் என்ன ஆகும் என்பதைச் சென்னை கண்ணால் பார்த்தது. 2012 அக்டோபர் 31, நிலம் புயல். துறைமுகத்துக்கு வெளியே நின்ற எண்ணெய்க் கப்பல் பிரதிபா காவேரி, நங்கூரம் தாங்காமல் அடித்துவரப்பட்டு பெசன்ட் நகர் அருகே தரைதட்டியது. உயிர்காப்புப் படகில் இறங்கிய மாலுமிகளில் சிலர், அது கவிழ்ந்ததில் இறந்துபோனார்கள். மறுநாள் கரையில் கப்பலை வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டத்துக்கு அந்த உயிர்களின் கணக்கு எவ்வளவு தெரிந்திருக்குமோ!

நங்கூரமிட்ட கப்பல் அதை ஊருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1972இல் வகுத்த சர்வதேச விதி. பகலில் முன்பக்கம் ஒரு கறுப்பு உருண்டை, இரவில் சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு. மெரினாவுக்குப் போகும்போது கையில் தொலைநோக்கி இருந்தால் அந்த உருண்டையைத் தேடிப் பாருங்கள். அடுத்த வாரம், மேலே அடைப்புக்குறிக்குள் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போன 'பாகம்'.