ஏறாதீங்க, சுத்தி வாங்க!



ஆஸ்திரேலியா என்றதும் உங்களுக்குக் கங்காரு நினைவுக்கு வரும். அந்த நாட்டின் நடுப்பகுதியில், செம்மண் பாலைநிலத்தில், மலை போல ஒரு மாபெரும் பாறை தனியாக நிற்கிறது. அதன் பெயர் உலுரு. உயரம் 348 மீட்டர். அதைச் சுற்றி நடந்துவர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

உலுரு ஏன் சிவப்பாக இருக்கிறது தெரியுமா? பாறையில் இரும்புச்சத்து இருக்கிறது. காற்றும் ஈரமும் பட்டு அது துருப்பிடித்ததால்தான் இந்த நிறம். பாறையின் உட்பகுதி சாம்பல் நிறம்தான்!

இங்கே பல ஆயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வருபவர்கள் அனாங்கு பழங்குடி மக்கள். உலுரு அவர்களுக்குப் புனிதமான இடம். பாறையில் உள்ள ஒவ்வொரு குகைக்கும், பள்ளத்துக்கும், வடுவுக்கும் ஒரு முன்னோர் கதை உண்டு. மலைப்பாம்புப் பெண்ணான குனியாவுக்கும், விஷப்பாம்பு மனிதர்களான லிருவுக்கும் நடந்த சண்டை அவற்றில் ஒன்று. இந்தக் கதைகளே அவர்களுக்குச் சட்டம், பள்ளிக்கூடமும் அதுதான்.

1873-ல் இங்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் இதற்கு 'ஏயர்ஸ் ராக்' என்று பெயர் வைத்துவிட்டார். பிறகு சுற்றுலாப் பயணிகள் கூட்டம் கூட்டமாக வந்து பாறை மேல் ஏறினார்கள். பிடித்துக்கொண்டு ஏற, 1964-ல் சங்கிலியும் போட்டார்கள். ஏறும்போது 35 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். "எங்கள் மண்ணுக்கு வந்த விருந்தாளி இறந்துவிட்டாரே" என்று அனாங்கு மக்கள் ஒவ்வொரு முறையும் துக்கப்பட்டார்கள்.

1985 அக்டோபர் 26-ல் அரசு அந்த நிலத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1995-ல், அங்கே ஒரு பண்பாட்டு மையம் திறக்கப்பட்டது. மண் செங்கல்லால் கட்டிய அந்தக் கட்டடம், குனியா, லிரு என்ற இரண்டு பாம்புகளின் வடிவில் வளைந்து செல்கிறது. அங்கே அனாங்கு மக்களின் கதைகளையும் ஓவியங்களையும் கைவினைப் பொருள்களையும் பார்க்கலாம். பாறையின் சில பகுதிகளைப் புகைப்படம் எடுக்கக் கூடாது என்பதையும் அங்கே தெரிந்துகொள்ளலாம்.

"தயவுசெய்து ஏறாதீர்கள்" என்று அவர்கள் பல ஆண்டுகள் பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில், 2019 அக்டோபர் 26 முதல் பாறை மேல் ஏறுவது தடை செய்யப்பட்டது. சங்கிலியையும் கழற்றிவிட்டார்கள்.

இன்னொரு அதிசயம் கேளுங்கள். முன்பு நினைவுப்பொருளாகக் கல்லை எடுத்துச் சென்றவர்களில் பலர், "மன்னித்துவிடுங்கள்" என்று கடிதம் எழுதி, அந்தக் கல்லைத் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள்! அவற்றுக்கு 'மன்னிப்புக் கற்கள்' என்றே பெயர்.

அடுத்தவர் வீட்டுப் பூஜை அறைக்குள் செருப்போடு ஓடுவோமா? மாட்டோம் அல்லவா? சுற்றுலா போகும் இடமும் அப்படித்தான். அங்கே வாழ்பவர்களைக் கேட்டு நடந்தால், கதை சொல்ல அவர்களே காத்திருப்பார்கள்.